ஆறு குஞ்சும் ஒரு சீஃப் இன்ஜினியரும்

பிப்ரவரி 3, செவ்வாய்

இவர் கப்பல் வேலையை முடித்துக்கொண்டு வீட்டோடு வந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். இன்று என் துணி வெட்டும் கத்திரிக்கோலால் அட்டைப்பெட்டி வெட்டினார்.

கேட்டால், "கத்திரின்னா வெட்டத்தானே?" என்கிறார். துணிக் கத்திரியில் காகிதம் பட்டாலே மழுங்கிப்போகும் என்பது தையல்காரியைக் கட்டிய எல்லாருக்கும் தெரியும். இவருக்கு எப்படித் தெரியும்? கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். வருஷத்தில் பத்து மாதம் கப்பலின் இன்ஜின் ரூமில், இரண்டு மாதம் வீட்டில். கூட்டிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து இருந்தது ஐந்து வருஷம் தேறும். அதிலும் பாதி நேரம் தூங்கியிருப்பார்.

போன வாரம் என் தையல் மெஷினில் பேரிங் சத்தம் வருகிறது என்று பிரித்து எண்ணெய் விட்டார். சத்தம் போய்விட்டது. கூடவே எண்ணெய்க் கறையில் ஒரு வெள்ளைக் கவுனும் போய்விட்டது.

பிப்ரவரி 6, வெள்ளி

முன் அறையில்தான் தைக்கிறேன். இவரும் அங்கேதான் உட்காருகிறார். அளவு கொடுக்க வருகிறவர்கள் இவரைப் பார்த்ததும், "அப்புறமா வரேங்க்கா" என்று திரும்பிவிடுகிறார்கள். மெதுவாகப் பேசவும் வராது. முப்பது வருஷம் இன்ஜினோடு போட்டி போட்டுப் பேசிய தொண்டை. "தண்ணி வேணும்" என்றால் நாலு வீட்டில் குடத்தை எடுப்பார்கள்.

மகளுக்கு போன் போட்டு அழாக்குறையாகச் சொன்னேன். "அப்பாவ ஏதாவது வேலையில மாட்டி விடும்மா" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சாயந்தரம் பாவாடை இடுப்பைப் பெரிதாக்க வந்த தீவனக் கடைக்காரிதான் வழி சொன்னாள்: "ஆறு கோழிக்குஞ்சு வாங்கி விடுங்கக்கா. அப்புறம் மனுஷன் கொல்லைப்பக்கமே கிடப்பாரு."

எனக்கு அது தேனாகக் காதில் பாய்ந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

வாங்கியாகிவிட்டது. பிறந்து ஒரு நாளான ஆறு குஞ்சுகள், ஓட்டை போட்ட பெட்டிக்குள். மூன்று மஞ்சள், இரண்டு பழுப்பு, ஒன்று கறுப்பு. "ஆறும் பெட்டைதான், என்னை நம்புங்க" என்றாள் கடைக்காரி.

இவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இதையெல்லாம் யார் பாத்துக்கறது?" என்றார். நீங்கள்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. "பாவம், அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பல்புக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் எல்லாம் நான் நினைத்தபடிதான். ஆனால் குஞ்சுக்குச் சூடு வேண்டுமாம், ஐந்து வாரம் வெளியே விடக் கூடாதாம். தரையோடு பிளக் இருக்கிற இடம் இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். என் வெட்டு மேஜைக்குக் கீழே!

இவரை அறையை விட்டுக் கிளப்பத்தான் குஞ்சு வாங்கினேன். இப்போது இவரும் இருக்கிறார், ஆறு குஞ்சும் இருக்கிறது. என் புத்தியை எதால் அடிப்பது?

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பார்த்தால் குஞ்சுகள் நாலு மூலைக்கும் ஓடி, வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்குகின்றன. பல்பு தலைக்கு மேலே தணிவாகத் தொங்குகிறது. "இதமாத்தானே இருக்கு?" என்கிறார். நாற்பத்தைந்து டிகிரியில் முப்பது வருஷம் வெந்த மனுஷனுக்கு எல்லாம் இதம்தான்.

"ஏங்க, அதுங்க மூஞ்சியைப் பாருங்க. பல்புக்குக் கீழ ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா குளுருது. ஓடிப் போனா சுடுது. பரவலா படுத்திருந்தா சரி" என்றேன். எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லை. இஸ்திரிப் பெட்டிச் சூட்டைக் கண்ணால் பார்த்தே சொல்லிப் பழகியதுதான்.

பல்பை ஒரு சாண் உயர்த்தினார். பிறகு ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சூடு, தண்ணீர், தீவனம். குஞ்சுகளுக்கு நம்பர் ஒன்றிலிருந்து ஆறு வரை. கறுப்புக் குஞ்சு நம்பர் ஃபோர்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று வந்தவர்கள் ஐந்து பேர். அளவு கொடுத்தவர்கள் யாரும் இல்லை. குஞ்சு பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

நம்பர் டூவுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டது. இவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி ஆராய்ந்துவிட்டு, "எக்ஸாஸ்ட் பிளாக் ஆயிருக்கு" என்று அறிவித்தார். வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, கால் மணி நேரம். மாடி உயர இன்ஜின்களை ஓட்டிய சீஃப் இன்ஜினியர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு குஞ்சின் பின்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்காமல் இருக்க வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டேன். அடைப்பு விட்டதும், "க்ளியர்!" என்று ஒரு சத்தம். குஞ்சுகள் ஆறும் குதித்தன. நானும்தான்.

மார்ச் 5, வியாழன்

இன்று பயந்துபோனேன்.

நம்பர் ஃபோர் நொண்டியது. தூக்கிப் பார்த்தால் கால் விரலில் நூல். என் நூல்தான், மெரூன் கலர். தரையில் விழுந்தது எப்படியோ சுற்றி, இறுகி, விரல் வீங்கிவிட்டது. நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. என்னால் வந்தது—கூட்டிப் பெருக்கியிருந்தால் என்ன கேடு எனக்கு?

இவர் பிடித்துக்கொண்டார். நான் சின்ன நூல்வெட்டியை நுழைத்தேன். "ஆடாம பிடிங்க" என்றேன். "நான் ஆடல, அதுதான் ஆடுது" என்றார். குஞ்சு கல்லுமாதிரி இருந்தது. நடுங்கியது இவர் கை.

நூல் வந்துவிட்டது. விரல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவ்வளவு பக்கத்தில் அந்தக் கையைப் பார்த்தபோது மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஒரு தீக்காயத் தழும்பு. இது எப்போது என்று கேட்டேன். "அது ஆச்சு, பதினாறு வருஷம். ஸ்டீம் பைப்" என்றார்.

பதினாறு வருஷம். எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

காலையில் எழுந்து வருவதற்குள் தையல் அறையை மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி வைத்திருக்கிறார். ஒரு நூல் இல்லை. கீழே விழுந்திருந்த மூன்று பட்டன்களைத் தனியாக ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தார்.

மார்ச் 17, செவ்வாய்

கொல்லையில் கூடு கட்டி முடித்துவிட்டார். கூடா அது? இரும்புக் குழாயில் கைப்பிடி, சாம்பல் கலர் பெயின்ட், திருகி மூடுகிற கதவு. கப்பல் கதவுமாதிரி கீழே அரை அடிக்கு வாசல்படி வேறு. வெள்ளம் வந்தால் ஊரே முங்கும், என் கோழிகள் மட்டும் மிதக்கும். குஞ்சுகள் ஒரே நாளில் அந்தப் படியைத் தாண்டப் பழகிவிட்டன. நான் இரண்டு முறை தடுக்கி விழுந்துவிட்டேன்.

"ஆறும் உள்ள வாங்க!" என்று சாயந்தரம் ஒரு குரல் கொடுக்கிறார். ஓடி வந்து வரிசையாக ஏறுகின்றன. அந்தத் தொண்டைக்கு மரியாதை கொடுக்கிற ஜீவன்கள் உலகத்தில் இவை மட்டும்தான்.

ஏப்ரல் 6, திங்கள்

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இவர் காலையிலிருந்து சாயந்தரம் வரை கொல்லையில். முன் அறை எனக்கே எனக்கு. அளவு கொடுக்க ஆட்கள் வருகிறார்கள், கவுன்கள் கறைபடாமல் போகின்றன. மெஷின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

மத்தியானம் பட்டன் தைக்கிற வேலையைக் கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8, புதன்

பட்டன் இல்லாத துணிகளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஏப்ரல் 23, வியாழன்

ஆறும் பெட்டையாம்! இன்று காலை நம்பர் ஃபோர் கூட்டின் மேலே ஏறி, கழுத்தை நீட்டி, தொண்டையில் எதுவோ மாட்டிக்கொண்டதுபோல ஒரு கூவல் கூவியது. இவர் பல் தேய்த்துக்கொண்டே ஓடிவந்து, "கேட்டியா? ஹார்ன் வேலை செய்யுது!" என்றார். முகமெல்லாம் நுரை.

தீவனக் கடைக்காரியிடம் சொன்னால், "பொறந்தப்ப பெட்டையாத்தான்க்கா இருந்துச்சு" என்கிறாள். இவளை என்ன செய்வது?

ஏப்ரல் 28, செவ்வாய்

கம்பெனியிலிருந்து போன். ஒரு கப்பலின் சீஃப் இன்ஜினியருக்கு உடம்பு முடியவில்லையாம். மே ஒன்பதாம் தேதி கப்பல் கிளம்புகிறது. எட்டு மாதம். இவர்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்றே?" என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் இப்படிக் கேட்டதே இல்லை. தேதி சொல்வார், நான் பெட்டி எடுத்து வைப்பேன். அந்தப் பழக்கம்தான்—வாயைத் திறந்தால், "போயிட்டு வாங்க" என்று வருகிறது! நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

பொத்திய கையை எடுத்தார். பிறகு போனில், "சரி சார்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகப் பேச வரும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

கப்பலில் போடுகிற முழு அங்கியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். வயிற்றில் ஜிப் ஏறவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். பிறகு, "குடுங்க" என்று வாங்கி, பக்கத் தையலைப் பிரித்து இரண்டு விரல் அகலம் விட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டேன். பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது. வேண்டுமென்றே தப்பாகத் தைக்கக்கூட இந்தக் கைக்கு வரவில்லை.

போகாதீங்க. இரண்டு தடவை தனியாகச் சொல்லிப் பார்த்தேன், மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து. வருகிறது. அவர் எதிரில் வந்து நின்றால் வரவில்லை. கப்பலுக்குப் போக அவருக்கு ஆசையோ என்னவோ. நான் தடுத்து, பிறகு கொல்லையில் உட்கார்ந்து கடலை நினைத்துக்கொண்டிருந்தால்?

மே 2, சனி

இன்று கோழிகளை என்னிடம் ஒப்படைக்கிற வேலை. பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறார். தலைப்பு: 'பொறுப்பு ஒப்படைப்பு'. தீவன அளவு, தண்ணீர்க் குழாய், கதவுத் திருகு, நம்பர் ஃபோரின் பழைய விரல் காயம், நம்பர் சிக்ஸ் யாரும் பார்க்காதபோதுதான் சாப்பிடும் என்ற தகவல், எல்லாம். கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடு. ஒன்றில் இவர் கையெழுத்து. இன்னொன்று எனக்கு.

"இது எதுக்கு?"

"மாத்தி விட வர்ற ரிலீவர் படிச்சிப் புரிஞ்சி கையெழுத்துப் போட்டாத்தான் பழைய ஆள் இறங்கலாம். ஒரு தடவை ஒருத்தன் பம்ப் சரியில்லன்னு சொல்லிட்டான். பதினோரு நாள் இறங்க முடியல எனக்கு" என்றார். பேனாவை நீட்டினார்.

வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார், குழந்தைக்குக்கூடப் புரியும். மூன்றாம் பக்கம் வந்ததும், "இது புரியல" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எது?"

"தீவனம் காலையில ரெண்டு கைப்பிடின்னு போட்டிருக்கீங்க. உங்க கையா, என் கையா?"

யோசித்தார். "நியாயம்தான்" என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மே 4, திங்கள்

திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். மழை வந்தால் கூட்டின் ஜன்னலை எவ்வளவு மூடுவது என்று போடவில்லை என்றேன்.

"சூடு பாக்கறது எப்படின்னு எனக்கே நீதானே சொல்லிக் குடுத்தே?"

"அது குஞ்சா இருந்தப்ப. இப்ப கோழி."

என் முகத்தையே பார்த்தார். நான் ஊசியில் நூல் கோர்க்கிறேன் என்று குனிந்துகொண்டேன். நூல் நாலு தடவையும் ஓட்டைக்குள் போகவில்லை. "அதுவும் நியாயம்தான்" என்றார்.

மே 6, புதன்

இன்று ராத்திரி வண்டிக்குக் கிளம்பினால்தான் கப்பலைப் பிடிக்கலாம். பெட்டி கூடத்தில் தயாராக நிற்கிறது. மூன்றாவது முறையாக நோட்டைக் கொண்டுவந்தார். கதவுத் திருகு வலப்பக்கமா இடப்பக்கமா என்று படம் இல்லையே என்றேன். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

தீவனக் கடைக்காரி புதுச் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது கொல்லையில் போன் அடித்தது. இவர் பேசினால்தான் தெரு முழுக்கக் கேட்குமே.

"இல்ல சார். வர முடியாது. ரிலீவர் இன்னும் சைன் பண்ணல... ஆமா சார், மூணு தடவை குடுத்தாச்சு... இல்ல, மாத்த முடியாது. வேற ஆள் இல்ல. ரொம்பக் கறாரான ஆளு சார்!"

"யாருக்கா அது, அவ்ளோ கறாரான ஆளு?" என்றாள் கடைக்காரி.

"கையைத் தூக்கு" என்றேன். அளவு நாடாவில் எண்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. நெஞ்சளவை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் வேறு வேறாக வந்தது.

மே 9, சனி

இந்நேரம் கப்பல் கிளம்பியிருக்கும். இவரும் நினைத்திருப்பார். பத்து மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு தையல் அறைக்கு வந்து, "படம் போட்டாச்சு, இப்ப பாரு" என்றார்.

பேனா கொண்டுவரவில்லை.

ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது என்றேன். "இருக்கும், இருக்கும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.