முப்பது கோடி ஒளி ஆண்டு

மார்ச் 3

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நலம். மலைக்குளிர்தான் எலும்பு வரைக்கும் போகுது, என் மூக்குக்கண்ணாடிகூடப் பனி பூத்துடுது.

இந்த வானாய்வு மையத்துக்கு வந்த ஏழு மாசமா நான் அளந்துகிட்டிருந்த நட்சத்திர மண்டலத்தோட தூரம் நேத்து உறுதியாச்சு. முப்பது கோடி ஒளி ஆண்டு! அதுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். முட்டை வடிவம். நம்ம மண்டலம் மாதிரி சுருள் கைகள் கிடையாது. லட்சம் கோடி நட்சத்திரம் இருந்தும் எல்லாமே வயசானது. புதுசு பிறக்கத் தேவையான வாயு அதுல அநேகமா இல்லை. இதைச் சொல்ல உங்களைத் தவிர யாரும் தோணலை.

கூட ஒரு தாள் இருக்கு. பிரிஞ்சு போக ரெண்டு பேருக்கும் சம்மதம்னு வக்கீல் எழுதினது. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. உங்களுக்கு முப்பத்தெட்டுதானே ஆகுது.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

கண்ணாடி

மார்ச் 11

என் கண்ணாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்னிக்கு ஒரு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஏழு பேர். அவங்களை இறக்குறப்பவும் உன் முட்டைதான் ஞாபகம். கூட இருந்தவன்கிட்ட தூரத்தைச் சொன்னேன். "எத்தனை மாடி வரும்ணே?"ங்கிறான்.

ஒண்ணு கேக்கிறேன். புதுசா எதுவும் பிறக்காத இடத்தை எதுக்கு இத்தனை மாசம் பார்த்தே?

தாளைப் படிச்சேன். காரணம்கிற இடத்துல 'மன ஒற்றுமை இல்லை'ன்னு இருக்கு. அது பொய். நான் என்ன குத்தம் பண்ணினேன்? அதை எழுது.

உன்னவன்

மார்ச் 19

அன்புள்ளவருக்கு,

நீங்க ஒரு குத்தமும் பண்ணலை. மூணாவது கருவும் கலைஞ்சப்ப, நான் தூங்குறேன்னு நினைச்சு, வார்டு வாசல்ல உங்க தம்பிகிட்ட சொன்னீங்க: "அப்பாவாகணும்னு எனக்கு ஆசை இருக்காதாடா?" அந்த ஆசைக்குக் குறுக்க நிக்க வேண்டாம்னுதான் இந்த வேலைக்கு மனு போட்டேன்.

நீங்க கேட்டதுக்குப் பதில்: புதுசு பிறக்கலைன்னாலும் அங்க இருக்கிற நட்சத்திரங்கள் இன்னும் ரொம்பக் காலம் எரியும். அவ்வளவு தூரத்துல இருந்தும் இங்க தெரியுதே. அதான் பார்த்தேன்.

கண்ணாடி

மார்ச் 27

கண்ணாடி,

ஆமா, சொன்னேன். மறுக்கலை. ஆசை இன்னிக்கும் கொஞ்சம் இருக்கு. ஆனா தினம் சாயங்காலம் பூட்டைத் திறந்து நானே விளக்கைப் போடுறப்ப, நான் தேடுறது குழந்தையை இல்லை. உன்னை. இதை அன்னிக்கே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கணும். ஊரான் வீட்டு ரிப்பேர் மட்டும்தான் எனக்குக் கைவருது.

தாளைத் திருப்பி அனுப்பறேன். எனக்காக இல்லாம உனக்காகவே வேணும்னா சொல்லு. போட்டுத் தர்றேன்.

உன்னவன்

ஏப்ரல் 4

என்னவருக்கு,

எனக்கு வேண்டாம்.

இந்த ரெண்டு வார்த்தைக்கு நாலு தாள் கிழிச்சேன். பன்னிரண்டு நாள் லீவு கிடைச்சிருக்கு. வேலையை விடமாட்டேன். எங்க, எப்படி இருக்கிறதுன்னு நேர்ல பேசிக்கலாம், சண்டை போட்டாவது.

பதினாறாம் தேதி மதியம் ரயில் வந்து சேரும். ஸ்டேஷனுக்கு வாங்க. நான் அழுதா கண்டுக்காதீங்க. பையை மட்டும் வாங்கிக்கோங்க.

உங்க கண்ணாடி