மிச்சப் பாதி முகம்

அன்பில் ஒரு குறையும் வைக்காத என்னவருக்கு,

நானும் உங்கள் வாலுப் பெண்ணும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் சமையல்கார அண்ணன் விடுப்பு முடிந்து நாளை அங்கே திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது.

குளியலறைக் குழாய் சொட்டுவது ஒருவழியாக நின்றது. வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கடைசியில் நானே வாஷர் வாங்கி மாட்டினேன். பெண்டாட்டி எல்லாம் கற்றுக்கொண்டாள் என்று பெருமைப்படாதீர்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தியேட்டரில் கூட்டத்துக்குக் குறைவில்லை. இப்போது போடுவதெல்லாம் அடிதடி சாகசப் படங்கள்தான். பள்ளி விட்டதும் உங்கள் மகள் நேராக டிக்கெட் கவுண்டருக்கு வந்து, பையை என் காலடியில் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே யார் என்ன ஆவார்கள் என்று சொல்லிவிடுவாள். கறுத்த பையன் ஹீரோவுக்கு உயிர் நண்பன் என்றால் இடைவேளைக்குள் செத்துப்போவான். குண்டானவர் வந்தால் வழுக்கி விழுவார். வேறு பாஷை பேசுகிற தாடிக்காரர் பெட்டியில் வெடிகுண்டு வைத்திருப்பார். மூக்குக்கண்ணாடி போட்ட அக்கா அதைக் கழற்றினால்தான் அழகி. காலைத் தாங்கித் தாங்கி நடப்பவனும், முகத்தில் தழும்பு உள்ளவனும் கெட்டவர்கள், அதில் சந்தேகமே கிடையாது. அவள் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. டிக்கெட் கிழிக்கிற பெரியவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

கொதிகலன் அறையில் நீராவி பட்டு லேசான காயம் என்றுதான் நீங்கள் எங்களிடம் சொன்னீர்கள். கட்டுப் பிரித்த அன்று போன் செய்தீர்கள். நீங்கள் கேமராவைப் போடுவதற்குள் அவள் இந்தக் கணக்கு முழுவதையும் உங்களிடம் ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து போனைச் சாய்த்தே பிடிக்கிறீர்கள். வலது கன்னம் மட்டும் தெரிகிறது. கேட்டால் அறையில் வெளிச்சம் போதவில்லை என்கிறீர்கள். இப்போது விடுப்பு கிடைத்தும் இந்த வருடம் வரவில்லையாம், வேலை அதிகமாம். யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்?

கோபப்படாதீர்கள். உங்கள் முழு முகத்தையும் நான் பார்த்துவிட்டேன். அண்ணன் தன் போனில் இருந்த படத்தைக் காட்டினார். நான்தான் விடாப்பிடியாகக் கேட்டேன், அவரைத் திட்ட வேண்டாம். வெங்காயம் உரித்தபடி யாரையோ பார்த்துச் சிரிக்கிறீர்கள். இடது கன்னம் காது வரைக்கும் சுருங்கியிருக்கிறது. பார்த்ததும் அழுதேன், மறைக்கவில்லை. எவ்வளவு எரிந்திருக்கும், பக்கத்தில் நான் இல்லையே என்றுதான் அழுதேன். பிறகு பார்த்தால் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். அதே மனுஷன்தான், ஒரு பொத்தான் தைத்துக்கொள்ளத் துப்பில்லை என்று சிரிப்பும் வந்துவிட்டது.

வாலுவுக்கு அந்தப் படத்தைக் காட்டவில்லை. அது நீங்கள் காட்ட வேண்டியது. ஆனால் போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். ஏதோ புதையல் தேடும் படம். தழும்புக்காரன் மலையிலிருந்து விழுந்ததும் தியேட்டரே கைதட்டியது. இவள் மட்டும் எழுந்து என்னிடம் வந்துவிட்டாள். கவுண்டர் பலகையில் தாடையை வைத்துக்கொண்டு, "அம்மா, அவனுக்கு அந்தக் காயம் எப்படிம்மா பட்டுச்சு? யாரு மருந்து போட்டுவிட்டாங்க? படத்துல சொல்லவே இல்லையே" என்றாள். இத்தனை படங்களுக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறேன், எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது உங்கள் முகத்துத் தழும்பைப் பற்றிச் சொன்னேன். யாரையோ காப்பாற்றப் போய்ப் பட்டது என்று ஒரு கதை கட்டியிருக்கலாம், நம்பியிருப்பாள். கட்டவில்லை. குழாய் வெடித்தது, அப்பா பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான் என்றேன். நல்லவர் என்று பேர் வாங்க என் புருஷன் ஹீரோ வேலை எல்லாம் பார்க்க வேண்டுமா என்ன? தெருமுனை வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு அடக்கமாக நடந்து வந்தாள். நம் வாலு! பிறகு, இப்போது வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். வலிக்கவில்லை என்றேன். சரிதானே?

அவள் உங்களை வரைந்து அலமாரிக் கதவில் ஒட்டி ரொம்ப நாளாயிற்று. போனில் தெரிகிறபடியே வரைந்திருக்கிறாள். ஒரு கண், ஒரு காது, பாதி மீசை. மிச்சப் பாதி வெறும் தாள். நேற்று அதன் முன்னால் நின்றுகொண்டு, அந்தப் பக்கத்துக்குச் சிவப்பா, பழுப்பா என்று கேட்டாள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. போனில் அப்பாவையே கேள் என்றேன். "போன்ல வேணாம்மா. அப்பா வந்து உக்காரட்டும், பாத்துப் பாத்து வரையறேன்" என்றாள். இரண்டு வண்ணப் பென்சிலையும் கூராகச் சீவி, யாரும் தொடக்கூடாது என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

வந்துவிடுங்கள். நானும் பொத்தானையும் நூலையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் நாற்காலி போடுகிறேன், இடது பக்கம் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். அவளுக்கு மெதுவாகத்தான் கை ஓடும். கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பாமல் இருந்தால் போதும்.

கவுண்டர் ஜன்னலில் ஊர் முகமெல்லாம் பார்த்துவிட்டு, உங்கள் முகத்துக்காகக் காத்திருக்கும்
உங்கள் மனைவி