தம்பிக்கு முள் குத்திய நாள்

செவ்வாய், இரவு

மனச்சிதைவு வந்ததிலிருந்து தம்பி செல்வத்துக்கு எதிலும் நாட்டமில்லை. அடிபட்டாலும் வலிக்குதென்று சொல்வதில்லை. போன வருஷம் கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டியும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் கை காலை நான்தான் பார்ப்பேன்.

இன்று யாரும் கூப்பிடாமலே எழுந்து, அகரம் தோட்டத்துக்கு என்னோடு ரோஜா பறிக்க வந்தான். கூடை பாதிகூட நிறையவில்லை. இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும், நான் பார்ப்பதற்கு முன்னால் அவனே விரலை நீட்டினான். "முள்ளு குத்திருச்சுக்கா. வலிக்குது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முள்ளு குத்துனதுக்கா இம்புட்டு சந்தோசம்?" என்றாள் பக்கத்து வீட்டு மேரி. அவளுக்கு என்ன தெரியும்.

நாளைக்கும் இப்படித் தானாக எழுந்து வருவானோ, என்னவோ. ஊசியால் முள்ளை எடுக்கும்போது, "மெதுவாக்கா!" என்று கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.