அம்மா பெயரில் என் சளி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். போனில் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். அம்மா பக்கத்தில் நிற்கும்போது எனக்கு வேறு பேச்சு வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவின் இருமல் இன்னும் நிற்கவில்லை. காசநோய் இல்லை என்று பரிசோதனைச் சீட்டு கொண்டுவந்தால்தான் சமையலறைக்குள் விடுவேன் என்று அம்மா சமைக்கும் விடுதியின் வார்டன் சொல்லிவிட்டார். துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் ஒரு டப்பாவைக் கொடுத்து, "எச்சில் வேணாம்மா, நெஞ்சுலேர்ந்து காறித் துப்புங்க" என்று வெளியே அனுப்பினார். சுவருக்குப் பின்னால் போனதும் அம்மா டப்பாவை என் கையில் திணித்தாள். "நீ துப்புடி. உனக்கு வெறும் பஞ்சுத் தூசி இருமல்தானே" என்றாள். துப்பினேன்.

முன்பெல்லாம் சளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பார்களாம். அதில் தெரியாவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகுமாம். இப்போது ரொட்டி சுடும் பெட்டி மாதிரி ஒரு மெஷின் வந்திருக்கிறது. "ரெண்டு மணி நேரம் உக்காருங்க. ஜோசியக்காரன் மாதிரி இழுக்காது, பட்டுன்னு சொல்லிடும்" என்று சிரித்தார் லேப் அண்ணன். அம்மாவும் சிரித்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் தைரியமாகத்தான் உள்ளே போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

கிருமி இருக்கிறது என்றார்கள்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அக்கா. நானாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாத்திரையை அம்மாவின் எடையைப் பார்த்துக் கொடுத்தார்கள். அதைத்தான் நான் தினமும் விழுங்குகிறேன். நான் அம்மாவில் பாதிகூட இல்லை. "என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும், நாளைக்கு உன்னைக் கட்டிக்க வர்றவன் கேட்டா என்னடி சொல்றது?" என்கிறாள். விடுதி வேலையும் நின்றுவிட்டது. ஆனால் அவள் சளியை இதுவரை யாரும் பார்க்கவில்லை. இருமிக்கொண்டே இருக்கிறாள்.

தையல் கூடத்தில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு பட்டன் தைக்கிறேன். "புதுப்பொண்ணு வந்துட்டாடி" என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். அவர்களுக்கும் தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உன் மகன் சுண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டால்தான் தூங்குவான். அன்றிலிருந்து அவனை என் பக்கத்தில் விடுவதில்லை. "சித்தி டூ" என்று அழுகிறான். அந்தப் பக்கம் படுக்க வைத்தால் அம்மா இருமுகிறாள். இருப்பது ஒரே அறை. எந்தப் பக்கம் படுக்க வைப்பேன்? வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் உடனே கூட்டிவரச் சொன்னார் லேப் அண்ணன். யாரும் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. நாளைக் காலையில் சுண்டுவைக் கூட்டிக்கொண்டு போய், அது என் சளி என்று சொல்லப் போகிறேன். அங்கே போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்னவோ. அதனால் ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசமாட்டாள். உன் பிள்ளையை என்னை நம்பித்தானே விட்டுப் போனாய். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. போனை மட்டும் வைத்துவிடாதே, அக்கா.

உன் தங்கை