நான் ஓட்டாத கார்

இன்று காலை என் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போயிருந்தேன். தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் தெருமுனையிலேயே ஒரு சிறிய கடை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிக்கொண்டே வந்தாள். "இதுக்கு முன்னாடி ஆக்சிடென்ட் ஏதும் பண்ணியிருக்கீங்களா ஐயா?" என்று தலை நிமிராமல் கேட்டாள். "ஒண்ணு பண்ணியிருக்கேம்மா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எப்போது என்று கேட்டாள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடிம்மா" என்றேன். "அதெல்லாம் வேணாங்க, இந்த வண்டியில மட்டும் சொன்னாப் போதும்" என்று சிரித்தாள்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் நின்றேன். நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது, நண்பா. செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, கேட்காதவர்களிடமும் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லலாம். வேறு யாரிடம் சொன்னாலும் கோர்ட்டுத் தீர்ப்பை எடுத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டுவார்கள்.

மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்குத் தெற்கே ஒரே தெருவில் பிறந்தோம். உன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பண்ணையில் ஆளாக இருந்தார்கள். நீ ஆயில் என்ஜின் ரிப்பேர் கற்றுக்கொண்டாய், நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பண்ணையிலேயே எனக்கு டிரைவர் வேலை கிடைத்தபோது, "கதவத் தொறந்து விடறதுக்கு ஒரு லைசென்ஸாடா?" என்று கேலி செய்தாய். அப்போது வயல் வரப்பெல்லாம் சிவப்புக் கொடி நின்ற காலம். கூலிக்காகவும், பினாமி பெயரில் பண்ணைகள் பதுக்கி வைத்திருந்த நிலத்துக்காகவும் நீ கொடி பிடித்துப் போவாய். நான் பண்ணைக் காருக்குள் உட்கார்ந்து உன் ஊர்வலம் கடந்து போகக் காத்திருப்பேன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் டீ குடிப்போம்.

அது குறுவை நடவு நேரம். என் மகளுக்கு முதல் மொட்டை போட நாகூர் தர்காவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். சென்னையில் படித்துக்கொண்டிருந்த பண்ணை முதலாளி பெரியவரின் மகன், ஊரில் எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடுகிறவர், விடுமுறைக்கு வந்தவர் காரை எடுத்திருக்கிறார். நீ பழைய மோட்டார் சைக்கிளில் ஸ்பானர் பையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். சட்ரஸ் மதகைத் தாண்டியதும் வாய்க்காலை ஒட்டி ரோடு வளையும் இடத்தில், கார் உன் பக்கமாக ஏறி வந்து இடித்தது. நடவில் நின்ற பெண்கள் பார்த்திருக்கிறார்கள். சின்னவர் இறங்கினார், உன்னைப் பார்த்தார், மறுபடி ஏறிக் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண்கள்தான் சேற்றுக் கையோடு உன்னைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாளே பண்ணைக் காரியக்காரர் என்னைக் கூப்பிட்டார். "சின்னவருக்கு லைசென்ஸ் கெடையாது. படிக்கிற புள்ள. நீதான் ஓட்டுனன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பெரியவர் உன்னைக் கைவிட்ருவாரா?" என்றார். "நான் அன்னிக்கு நாகூர்ல இருந்தேங்க. என் புள்ள தலையப் பாத்தா தெரியும். என்னால முடியாதுங்க" என்றேன். அந்த வீட்டு வாசலில் நின்று நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதை உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ என்னை மெச்சிக்கொள்வாய் என்று நினைத்தேன்.

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மாயவரத்து வக்கீல் நின்றிருந்தார். உன் கட்சிக்காரர்கள் அழைத்து வந்தவர். நான் சொன்னதைக் கேட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான்னா இன்சூரன்ஸ் கம்பெனி கையைக் கழுவிடும். பண்ணைதான் குடுக்கணும்னு தீர்ப்பாகும். பண்ணைகிட்ட என்னய்யா இருக்கு?" என்றார்.

"கண்ணுக்கெட்டுன வரைக்கும் அவரு நெலந்தானேங்க" என்றேன்.

"காகிதத்துல அந்த மனுசனுக்கு ஒரு குழி நெலம் கெடையாது. நெல உச்சவரம்புச் சட்டம் வந்தப்பவே சமையல்காரன் பேர்ல, செத்துப்போன அத்தை பேர்ல, மடத்துப் பேர்லன்னு எழுதி வச்சாச்சு. காரு கூட சம்சாரம் பேர்ல. எதை ஜப்தி பண்ணுவே?"

எந்த நிலத்துக்காகக் கொடி பிடித்தாயோ, அந்த நிலம் பெரியவருடையது இல்லை என்று இப்போது உன்னிடமே சொன்னார்கள். நீ உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். வக்கீல் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினாய்.

"போய் ஒத்துக்கடா."

"என்னடா சொல்ற? பண்ணைய காப்பாத்தச் சொல்றியா?"

"உனக்கு லைசென்ஸ் இருக்கு. எனக்குக் கால் இல்ல."

"ஜெயில்ல போட்டாங்கன்னா?"

"ஒரு மாசம் போடுவான், ரெண்டு மாசம் போடுவான். வெளிய வந்துடுவ. நான் எங்கடா வர்றது?"

உன் மனைவி செல்வி, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கையால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலமே பண்ணைக்குப் போய் ஒத்துக்கொள்கிறேன் என்றேன். காரியக்காரர் ஏன் மனம் மாறினாய் என்று கேட்கவில்லை. எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு என் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை. இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தத் தலையையே பார்த்தார். பிறகு, "துணியப் போட்டு மூடும்மா" என்றார். என் மனைவி முந்தானையால் மூடினாள். மீதியை எழுதி முடித்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டேன், ஒரு மாதம் உள்ளே இருந்தேன். திரும்பி வந்தபோது பண்ணையில் வேறு டிரைவர் இருந்தான். "கேஸ் ஆன ஆளை வச்சிக்கிட்டா ஊரு என்ன சொல்லும்?" என்று பெரியவரே சொன்னார். அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. நான்தான் இடித்தேன் என்று அவர் அதற்குள் நம்பத் தொடங்கியிருந்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனி விசாரிக்க ஆள் அனுப்பும், குழந்தைகளிடம்தான் முதலில் கேட்பான் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். நடவுப் பெண்களிடம் உன் கட்சிக்காரர்களே பேசினார்கள். அவர்கள் உனக்காக ஒத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது உன் மகன். இளங்கோவுக்கு அப்போது ஆறு வயது. நீ கட்டிலில் கிடந்தாய், செல்விக்கு மனசு வரவில்லை. நான்தான் அவனை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்பாவ யாருடா இடிச்சது?"

"சின்னவரு."

"இல்ல தங்கம். டிரைவர் மாமா. சொல்லு."

"நீங்களா மாமா?"

"ஆமா. நான்தான்."

தடுமாறாமல் சொல்லும்வரை சொல்ல வைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி ஆள் பிஸ்கட் பாக்கெட்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போனான். இளங்கோ ஓடிவந்து, "கரெக்டா சொல்லிட்டேன் மாமா" என்று என் காலைக் கட்டிக்கொண்டான். நான் அவனைத் தட்டிக்கொடுத்தேன்.

கேஸ் முடிகிறவரை நாம் பேசிக்கொள்ளக்கூடாது என்று வக்கீல் உத்தரவு. வாய்தா, வாய்தா என்று நான்கு வருடம் போயிற்று. டீக்கடையில் நான் இருந்தால் நீ கட்டையை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாய். நீ இருந்தால் நான் உள்ளே வரமாட்டேன். முதலில் அது நடிப்பாகத்தான் இருந்தது. எந்த நாளில் நடிப்பாக இல்லாமல் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமா?

சாட்சி சொன்ன நாளில் கம்பெனி வக்கீல் உன்னை எல்லோருக்கும் முன்னால் வேட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். "என்ஜின் ரிப்பேர் உக்காந்து செய்யற வேலைதானே? அதுக்கு எத்தனை கால் வேணும்?" என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ ஒற்றைக் காலில் நின்றபடி வேட்டியைத் தூக்கிக் காட்டினாய். ரோட்டில் யார் மேல் தப்பு என்று அடுத்து கேட்டார். உன் மேலும் பாதித் தப்பு என்று ஆக்கிவிட்டால் கம்பெனிக்கு லாபம். நீ என்னை நோக்கிக் கையை நீட்டினாய்.

"இந்த ஆளுதாங்க. கண்ணு மண்ணு தெரியாம ஏறி வந்தாரு. இறங்கிப் பாத்துட்டு, என்னை அப்படியே போட்டுட்டுப் போயிட்டாரு."

உன் கண்ணில் எனக்கென்று ஒரு சமிக்ஞை இருக்கும் என்று தேடினேன். இல்லை. நீட்டிய கையை நீ இறக்கவில்லை. அது நிஜமான கோபம். வக்கீல் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகச் சொன்னாய். தீர்ப்பு உன் பக்கம் வந்தது.

அந்தப் பணத்தில் நீ இரண்டு மா நிலம் வாங்கினாய். சமையல்காரர் பெயரில் இருந்த பண்ணை நிலம். பத்திரத்தில் அவர் கைநாட்டு வைத்தார், பணத்தைப் பெரியவர் வாங்கிக்கொண்டார். கேள்விப்பட்டதும் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இனிமேல் தடை ஒன்றும் இல்லையே என்று நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ நாற்காலியில் இருந்து பார்த்தாய். "வாங்க" என்றாய். "உக்காருங்க. செல்வி, இவருக்குத் தண்ணி குடு."

தண்ணீர் குடித்தேன். புறப்பட்டேன். அந்த வருடமே ஊரை விட்டுத் தஞ்சாவூருக்கு வந்து லாரி ஓட்டினேன், பிறகு பள்ளிக்கூட வேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் லாரியில் தனியாகப் போகும்போது யோசித்திருக்கிறேன். காலை எடுத்தவன் எட்ட முடியாத உயரத்தில் இருந்தான். அவனை நீ திட்டக்கூட முடியாது, திட்டினால் கேஸ் போய்விடும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவன் நான். வலிக்கிறவனுக்கு யாராவது ஒருத்தன் வேண்டியிருந்திருக்கும்.

நீ இறந்த செய்தி கேட்டு மாலையோடு வந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரிய கார் நின்றிருந்தது. சின்னவர் இறங்கினார். இப்போது அவருக்கு அறுபது வயது, கரை வேட்டி, கட்சியில் பொறுப்பு. இளங்கோ வாசல்வரை ஓடிவந்து கும்பிட்டு, "வாங்கய்யா" என்று அழைத்துப்போனான். அவர் உனக்கு மாலை போட்டு, வேட்டிக்குக் கீழே தெரிந்த உன் ஒற்றைக் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு நான் படியில் ஏறினேன். இளங்கோ குறுக்கே வந்து நின்றான். கத்தவில்லை. படித்த பிள்ளை, மெதுவாகத்தான் சொன்னான்.

"நீங்க வராம இருந்திருக்கலாம். எங்கப்பா ஒத்தக் கால்ல நின்னு என்னைப் படிக்க வச்சாரு. இன்னொரு கால எடுத்தவரு நீங்க. தயவுசெஞ்சு போயிடுங்க."

அவன் தோளுக்கு மேலாகச் செல்வியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாலையை வாசல் கதவில் மாட்டிவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்த மறுவாரம் செல்வி தஞ்சாவூருக்குத் தனியாக வந்தாள். "அவன்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே. அப்பா பொய்ச் சாட்சி சொல்லி வாங்குன நெலத்துல படிச்சோம்னு அவனுக்குத் தெரிய வேணாம். தாங்கமாட்டான்" என்றாள். நான் தாங்குவேனா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. சொல்லமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை. என்னிடம் கனமாக இருப்பது வேறு. நீ போவதற்கு ஒரு மாதம் முன்னால், இளங்கோ வேலைக்குப் போயிருந்த பகல் நேரத்தில், உன்னைப் பார்க்க வந்தேனே, அது. செல்வி அடுப்படியில் இருந்தாள். நமக்கு இடையில் வக்கீல் இல்லை, கம்பெனி ஆள் இல்லை, பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. நீ மெலிந்து கிடந்தாய். ஆனால் பார்வை தெளிவாகத்தான் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, என் கையைப் பிடித்தாய்.

"கொஞ்சம் பிரேக்க மிதிச்சிருக்கலாம்டா நீ."

நான்தான் இடித்தேன் என்று நீயும் நம்பிவிட்டாய் போலிருந்தது. நான் நாகூரில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நீதானே என்னை ஒத்துக்கொள்ளச் சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். உன் கை சுட்டது, லேசாக இருந்தது.

"ஆமாண்டா. தப்புதான்" என்றேன்.

நீ "ம்" என்றாய். கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மன்னித்துச் சொன்னாயா, இல்லை நான் ஒப்புக்கொண்டதைக் கேட்டுக்கொண்டாயா என்று அந்த "ம்"மை வைத்துக்கொண்டு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.