அனூப் சொன்ன 'கூல்'

வெள்ளிக்கிழமை

ஆபீஸ் விட்டதும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அனூப்பிடம் சொல்லிவிட்டேன். "வீட்டுல எனக்கு மாப்பிள்ளை பார்த்து உறப்பிச்சாச்சு, கேட்டியா. நீ வந்து அப்பாகிட்ட பேசணும்."

பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு "கூல்" என்றான்.

மூன்று வருடமாகக் கேட்கும் சொல்தான். என் மாம்பழக் கலர் சேலையும் அவனுக்குக் கூல், மேனேஜர் திட்டினாலும் கூல். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு "கூல், கூல்" என்றான். பயப்படாதே என்று அர்த்தம். சண்டை போட்டால் சமாதானத்துக்கும் அதேதான். இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனை உதைக்க வேண்டும். இன்றைக்குச் சொன்னதிலும் ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்தேன். வருகிறேன் என்றோ, கொஞ்சம் டைம் கொடு என்றோ. கேட்க வாய் வரவில்லை. அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது.

வழக்கம்போல நான் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் பின்னால் ஏறினான். எனக்கும் சேர்த்து அவன்தான் தினமும் டிக்கெட் எடுப்பான். "முன்னில் ஒண்ணு" என்று அவன் சொல்வது எனக்குக் கேட்கும். கண்டக்டர் என்னைக் கேட்காமலே தாண்டிப் போய்விடுவார். அந்தக் குரலுக்காகத் திரும்பாமல் காத்திருந்தேன்.

கண்டக்டர் பின்னாலிருந்து வந்து என் சீட்டருகே நின்றார்.

"சேச்சி, டிக்கெட்?"