முகடு என்ற சொல்லுக்காக

அன்புள்ள அக்காவுக்கு,

உன் படத்துக்கு மாலை போடவில்லை. உயிரோடிருந்தபோதே பூ வாசனைக்குத் தும்மியவள் நீ. இனித் தும்மமாட்டாய் என்பதற்காக உன்னைச் சோதிக்க நான் விரும்பவில்லை. வந்துபோன உறவினர் சிலருக்கு இதில் வருத்தம். அது பஸ் நிலையம் வரைகூட நீடித்திருக்காது.

செய்தி ஒன்று உண்டு. நம் சண்டை முடிந்துவிட்டது. நான் வென்றுவிட்டேன்.

எந்தச் சண்டை என்று நீ கேட்கமாட்டாய், படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சியில் மேல்நிலை வகுப்புகளுக்கு நீ புள்ளியியல் நடத்தினாய். நான் கல்லூரியில் தமிழ் நடத்தியவள். கணவர் போன பிறகு உன்னோடு வந்து சேர்ந்தேன். அன்றுமுதல் சோற்றோடு நமக்கு ஒரு சொல்தான் தொடுகறி: முகடு. ஓர் எண் வரிசையில் அதிகமுறை வருகிற எண்ணுக்குப் பாடநூல் வைத்த பெயர் அது. ஆனால் செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி மலையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு முகடு என்றால் உச்சி. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் இருப்பதிலேயே பெரிய எண்ணை எழுதிவிட்டு வருவார்கள். நீ விடைத்தாள்களை மேசையில் போட்டுவிட்டு என்மேல் பாய்வாய்.

"இன்னாடி வார்த்த வெச்சிருக்கீங்க உங்காளுங்க? செருப்புக் கடக்காரன் ஊர்லயே பெரிய காலுக்கா சரக்கு வாங்கி வெப்பான்? நெறைய பேர் கேக்கற சைஸத்தான வாங்குவான்? அதுக்குப் போயி முகடாம், முகடு!"

"நல்ல தமிழ்ச் சொல்லு. ஒனக்கு நடத்தத் தெரியலன்னு சொல்லு."

"வாடி, நாளைக்கு நீ வந்து நடத்து. கோட்டைய மறைச்சி ஒரு தெர கட்டிட்டு நடத்து."

பிறகு மோர் ஊற்றிக்கொள்வோம். பணி ஓய்வுக்குப் பின்னரும், விடைத்தாள் ஏதுமின்றியே, நீ பாய்ந்துகொண்டுதான் இருந்தாய்.

இப்போது இந்த வீட்டில் குக்கரைத் தவிர யாரும் குரல் உயர்த்துவதில்லை. உன் இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். விருது, சாதனை என்று எதையாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இந்தச் சண்டைதான் நினைவில் வந்தது. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

மறுவாரம் பஜாருக்குப் போய்ப் பதினோராம் வகுப்புப் புள்ளியியல் நூலைக் கேட்டேன்.

"பேத்திக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

"இந்த வயசுல உங்களுக்கு இன்னாம்மா டென்ஷன்? பரிச்ச எழுதப் போறீங்களா?"

"சண்ட போடப் போறேன்."

"யாராண்ட?"

நூலைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

சராசரி எளிதாக வந்தது. இடைநிலை சற்று முரண்டு பிடித்தது. அடுத்து முகடு, அங்கே ஒரு படம். ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதையே உயரமாக வைத்து வரைந்த வளைகோடு. மலைபோல ஏறி இறங்குகிறது. அதன் உச்சி எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ, அந்த எண்தான் முகடு. அக்கா, அடிக்கடி வருவதுதான் அங்கே உயரம்! சொல் சரி. கோட்டையை மறைக்கவே வேண்டாம். அதைக் காட்டியே நடத்தியிருக்கலாம்.

"பாத்தியா?" என்று உரக்கக் கேட்டுத் திரும்பினேன். உன் நாற்காலியில் மடிக்காத துணி கிடந்தது.

அப்புறந்தான் உறைத்தது. ஆண்டுதோறும் அந்த மலையைக் கரும்பலகையில் வரைந்தவள் நீ. உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பின் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அதன்பின் இரண்டு கிழவிகள் எதைப் பேசிக்கொண்டு சாப்பிடுவது என்று யோசித்தாயா? இல்லை, பிள்ளைகளின் மதிப்பெண் போன கோபம் மட்டுந்தானா? இதை நான் யாராண்ட கேட்பது?

ஆகவே என் வெற்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நூலில் இன்னும் சில பக்கங்கள் தள்ளி, எண்கள் சராசரியைவிட்டு எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு 'திட்ட விலக்கம்' என்று ஒரு பெயர் இருக்கிறது. திட்டுவதை விலக்குவதா? மோசமான சொல். இம்முறை சொல் தவறென்று நான் நிற்கிறேன். சரியென்று நீ நில். பன்னிரண்டாம் வகுப்பு நூலையும் வாங்குவேன். எதையும் முடித்துவைக்கமாட்டேன், இது என் வாக்கு.

நீ 'வாடி' என்று அழைப்பதற்கென்று இருந்த ஒரே தங்கை,
வேதவல்லி
செஞ்சி